உள்பக்கம் பட்டு

இல்லாத புடவையை நிவேதா தேடிக்கொண்டிருந்தாள்.

தகரப் பெட்டியின் அடிவரைக்கும் கையை விட்டாள். மேலே இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு அவற்றையே திரும்ப உள்ளே அடுக்கினாள். அம்மாவின் நூல் புடவைகள், யாரோ கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த, பிரிக்காத ஜாக்கெட் துணி, அவளுடைய பள்ளிக்கூடத் துப்பட்டா. எல்லாவற்றிலும் அந்துருண்டை வாசனை. வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று பெட்டி மூடியை ஒருமுறை சத்தமாகக் கீழே விட்டாள்.

"கெடச்சுதாடி?" வாசலிலிருந்து முத்தம்மாளின் குரல் வந்தது. அப்பாவின் அக்கா அவள். இந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவள் கையால்தான் நடக்கும்.

"பாத்துக்கினே இருக்கறேன் அத்த."

"இன்னாத்த பாக்கற? பொட்டி இன்னா கெணறா? அடியில செவப்புத் துண்டுல சுத்தி வெச்சிருப்பா பாரு. நான்தான சுத்திக் குடுத்தேன்."

சிவப்புத் துண்டு இருந்தது. மடித்து, உள்ளே ஒன்றுமில்லாமல்.

சின்ன வயதில் இந்தப் பெட்டிக்குக் கீழே இன்னொரு வீடு இருக்கிறது என்று நிவேதா நினைத்திருந்தாள். அடித்தகரத்தைத் தூக்கினால் ஏணி இருக்கும், இறங்கிப் போனால் இதே போல ஓர் அறை, இதே போல ஓர் அடுப்பு. இப்போதும் அப்படித் தோன்றியது. அங்கே அம்மா உட்கார்ந்து அந்தப் புடவையை முழுசாக மடித்துக்கொண்டிருக்கலாம். 'இன்னாடி, இன்னும் சாப்பிடலயா' என்று நிமிராமலேயே கேட்கலாம்.

அம்மா வாசலில் பெஞ்சின் மேல் கிடந்தாள். நேற்று மத்தியானம் புளி உலுக்கப் போனவள், கூடை நிறைந்ததும் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் தூங்குகிறாள் என்று நினைத்து, மெதுவாகப் பேசிக்கொண்டார்களாம். வெயில் சாய்ந்து, எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. அவள் மடியில் அதற்குப் பிறகும் புளியம்பழங்கள் விழுந்திருந்தன.

காலையில் மலையிலிருந்து இறங்கிய மூடுபனி இன்னும் வாசலை விட்டுப் போகவில்லை. வருகிறவர்கள் முதலில் குரலாக வந்தார்கள், பிறகு தலையாக, கடைசியில்தான் கால்கள். மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்ட நாலு பெண்கள் புடவையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். அந்த மறைப்பின் மேல் பனி நகர்ந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், ஏதோ குழந்தையைக் குளிப்பாட்டுவது போலவே கேட்டது.

"தாலியோட போறவ," முத்தம்மாள் யாரிடமோ சொன்னாள். "கூறப்பொடவய கட்டாம எப்புட்றி எடுக்கறது? ஆரணிக்குப் போயி நான் பொறுக்கின பொடவ அது. அரக்கு ஒடம்பு, கோபுரம் போட்ட மஞ்சக் கரை. இப்ப பாத்தாலும் கண்ணக் கட்டும்."

நிவேதா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

பெட்டி இருந்த சுவரை ஒட்டிய கயிற்றுக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். அவர் மேல் ஒரு தையல் போர்வை. மேல்துணி வெளிறிய நீலம், அம்மாவின் பழைய நூல்புடவை. அடித்துணி இன்னொரு பழைய புடவை. இரண்டுக்கும் நடுவில் வரிவரியாகத் தையல். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும், மணல்மேல் எதையோ இழுத்துப் போவது போல வந்துபோனது.

அரக்குப் பட்டு அந்தப் போர்வைக்குள் இருந்தது. உயிரோடு இருப்பவர்களில் அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நிவேதா நினைத்திருந்தாள்.

ஐப்பசி அடைமழையில் அப்பாவைக் கீழே ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். நெஞ்சில் இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஜீப்பில் மலையேறி வரும்போதே அவருக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது. கம்பளி போர்த்தினால் பாரம் தாங்காமல் மூச்சு முட்டியது. எடுத்தால் பல் கிட்டியது. கலசப்பாக்கத்தில் மருந்துக்கடை வேலையிலிருந்து தீபாவளிக்கு வந்திருந்த நிவேதா, அடுத்த நாள் சாயங்காலம் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டு உள்ளே போனாள். கட்டிலில் அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். அம்மா கூறைப்புடவையை மடியில் போட்டு, பிளேடால் கரையைத் தனியாக அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா பண்ற!"

"கத்தாத. சரிக இருந்தா அவருக்குக் குத்தும். ஒடம்ப மட்டும் உள்ள வெச்சித் தெச்சா பாரமும் இருக்காது, சூடாவும் இருக்கும்."

"அது உன் கூறப்பொடவமா."

"தெரியுது. நான் இன்னா குருடா?" அம்மா பிளேடை நிறுத்தவில்லை. "இனிமே இத நான் எங்கடி கட்டப்போறேன்? அவுரு போய்ட்டா எனக்குக் கட்டத்தான் வுடுவாங்களா? பொட்டில கெடந்து பூச்சி தின்னும். இருக்கறப்பவே அவருக்காவது ஆவட்டும்."

பட்டு கிழிவதற்கு ஒரு சத்தம் உண்டு. பறவை ஒன்று மிக அருகில் சிறகு விரித்தது போல இருந்தது அது.

"அவருக்குத் தெரிய வேணாம்," என்றாள் அம்மா. "நான் நாள எண்ணிக்கினு ஒக்காந்திருக்கறேன்னு நெனச்சிக்குவாரு."

மழை விடும்வரைக்கும் தைத்தாள். உரித்தெடுத்த கரையும் வீணாகவில்லை. நிவேதாவின் போனுக்கு ஒரு பை, ஊசி நூல் வைக்க ஓர் உறை, "ஒனக்குக் கொழந்த பொறந்தா வெச்சிக்க" என்று உள்ளங்கை அகலத்தில் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று. கேலி செய்துகொண்டே நிவேதா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் அப்பாவுக்காகத்தான் தயாராக இருந்தார்கள். முத்தம்மாள் அத்தை புதைக்க இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள், தங்கள் அப்பன் பக்கத்தில். தை மாதம் வந்தது, போனது. அப்பா அந்தப் போர்வைக்குள் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். மாசியில் புளி பழுத்தது. அம்மா போனாள், தாலியோடு.

இப்போது அந்தப் போர்வையைக் காட்டினால், ஏன் அறுத்தாள் என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுகூட இல்லை. கணவன் கட்டிலில் கிடக்கும்போது ஒருத்தி கூறைப்புடவையை அறுத்தால் அதன் அர்த்தம் வாசலில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அது ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கும் கேட்கும்.

வெளியே மேளச் சத்தம் நெருங்கியது. பூபாலன் மாமா வந்துவிட்டார்.

அம்மாவின் அண்ணன். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து, பிறந்த வீட்டுச் சனத்தோடு மினி லாரியில் வந்திருந்தார். கையில் துணிக்கடைப் பை, அதில் கோடிப்புடவை. தங்கச்சியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே வேலிப்பக்கம் பார்த்தார். பிறகு பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கோடியக் குடுப்பா பூபாலா, நேரமாவுது," என்றாள் முத்தம்மாள்.

"கூறைய கட்டுங்கக்கா. அதுக்கு மேலதான் கோடி."

"தேடிக்கினு இருக்குது பொண்ணு."

"இன்னும் தேடுதா?" மாமா நிமிர்ந்து பார்த்தார். "பொடவ வூட்டுல இருந்தா தேட வேண்டியது இல்ல. கேக்கறேன்னு கோச்சிக்காதீங்க. வித்துட்டீங்களா?"

"இன்னாது?"

"மச்சான் வைத்தியத்துக்குப் போயிடுச்சான்னு கேக்கறேன். போயிருந்தா போச்சின்னு சொல்லிடுங்க. மூடி மறைக்க வேணாம்."

"யார்ரா இவன்!" முத்தம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "எங்க வூட்டுல பொம்பள பொடவய வித்துத் தின்ற பழக்கம் கெடையாது. ஒன் வாயில இன்னா வருதுன்னு பாத்துப் பேசு. சாவு வூடுன்னு பாக்கறேன்."

"அப்ப எடுத்துக்கினு வாங்க. பாத்துட்டு உங்க கால்ல வுழறேன்."

மேளம் நின்றுவிட்டது. மாமா மடியிலிருந்த பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்தது. கோபம்தான் அதை விழாமல் தாங்கி நின்றது.

நிவேதா வாசற்படிக்கு வந்தாள். பனி கலைந்து வெயில் ஊறத் தொடங்கியிருந்தது. வாசல் முழுக்க முகங்கள். தண்ணீருக்கடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது போல எல்லாம் அசைந்தன.

"எலி கடிச்சிடுச்சி அத்த," என்றாள். "பாதிக்கு மேல. சொல்ல மாட்டாம இருந்தேன்."

"எலியா?"

"ம். அம்மா... தூக்கிப் போட்டுடுச்சி."

முத்தம்மாளின் முகம் தளர்ந்தது. எலிக்கு யாரும் பொறுப்பில்லை. பூபாலன் மாமாவும் மெல்ல மூச்சு விட்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நிவேதா நினைத்த அந்த நேரத்தில் அவள் இடுப்பில் போன் அடித்தது. மருந்துக்கடை முதலாளி. யோசிக்காமல் கையை விட்டு எடுத்து, சத்தத்தை அடக்கினாள்.

முத்தம்மாள் போனைப் பார்க்கவில்லை. போன் வெளியே வந்த பையைப் பார்த்தாள்.

"இங்க வா."

நிவேதா அசையவில்லை. அத்தைதான் வந்தாள். பையைப் பிடித்து வெயிலில் திருப்பினாள். மஞ்சள் கரை, வரிசையாகச் சின்னச் சின்னக் கோபுரங்கள்.

"ஏண்டி, கடிச்ச எலி பிளேடு புடிச்சி நேரா அறுத்து, ஓரம் மடிச்சித் தெச்சி, கயிறு கோத்தும் குடுத்துச்சா?"

யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"யாரு அறுத்தது? சொல்றி. எதுக்கு அறுத்தது?"

"அம்மாதான் அத்த..." அதற்கு மேல் வரவில்லை. அம்மா பெஞ்சில் படுத்திருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், ஈரத் தலை, யாரோ கொடுத்த பழைய புடவை. இத்தனை பேச்சையும் கேட்டும் கேட்காதது போல இருந்தாள்.

"நான்தான் அறுக்கச் சொன்னேன்."

குரல் உள்ளேயிருந்து வந்தது. கட்டிலில் அப்பா ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். பல நாளாக அவரைத் தூக்கித்தான் உட்காரவைத்தார்கள்.

"இன்னாடா சொல்ற ரங்கா?"

"குளுரு தாங்கல." ஒரு மூச்சு. "பட்டு வெச்சித் தெச்சா சூடா இருக்கும்னு நான்தான் கேட்டேன். அவ மாட்டேன்னா. அழுதா." இன்னொரு மூச்சு. "நான் வுடல."

முத்தம்மாள் படியேறி உள்ளே வந்தாள். தம்பியையும் போர்வையையும் மாறி மாறிப் பார்த்தாள். "த்தூ. பொண்டாட்டி தாலி கட்டிக்கின பொடவய அறுத்துப் போத்திக்கினியா? ஒனக்கு வெக்கமா இல்ல? அவ சுமங்கலியா போவணும்னு சாமிக்கே தெரிஞ்சிருக்குது, ஒனக்குத் தெரியல. நீயெல்லாம் ஒரு ஆம்பள!"

"இல்லதான்," என்றார் அப்பா.

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. கிடக்கிற காலத்தில் இவனுக்கு வந்த ஆசையைப் பார் என்றது ஒரு குரல். பாவம், இவன் பெண்டாட்டி மாதம்மா வாயே திறக்க மாட்டாள் என்றது இன்னொன்று. அப்பா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மழையில் நனைய முடிவு செய்தவர் போல இருந்தது.

நிவேதா வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவள் மூடிக்கொண்டாள்.

பூபாலன் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். கேட்காமலே போர்வையின் ஓரத்தை எடுத்து விரல்களுக்கு நடுவில் கசக்கினார். நூல்துணிக்குள்ளேயிருந்து சரசரவென்று பட்டு பேசியது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வாங்கியாந்திருப்பேனே மச்சான். லேசா, நல்லதா, இப்பலாம் எவ்ளோ வருது."

"சொல்லியிருக்கணும்," என்றார் அப்பா. "வாய் வரல."

மாமா ஓரத்தை விடவில்லை. தையல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எவ்ளோ நெருக்கமா தெச்சிருக்கறா," என்றார், யாரிடமும் இல்லாமல்.

முத்தம்மாள்தான் முதலில் தெளிந்தாள். "சரி, ஆவறதப் பாப்போம். முந்தியாவது அப்புடியே இருக்குதா? முந்தி இருந்தா போதும். மார் மேல போட்டு, அதும் மேல கோடியச் சுத்திடலாம். எந்தப் பக்கம் வெச்சாடி உங்கம்மா?"

நிவேதாவுக்குத் தெரியும். ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே அப்பா போர்வையின் ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினார். தலைமாட்டுப் பக்கம், கழுத்தும் நெஞ்சும் படும் இடம். எல்லாப் பக்கமும் ஒரே வெளிறிய நீலம்தான், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே கிடையாது.

"இங்க," என்றார்.

இத்தனை மாதமும் அவர் அந்தப் போர்வையை ஒரே மாதிரித்தான் போர்த்திக்கொள்வார். மாற்றிப் போட்டால் திருப்பச் சொல்லி சைகை காட்டுவார். நோய்க்காரனுடைய பிடிவாதம் என்று அம்மா சொல்வாள். நிவேதாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பிளேடு கொண்டுவரச் சொன்னார்கள். நிவேதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். அப்பா துணியை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தையலும் எறும்பளவுதான் இருந்தது. அறுந்த நூல் துணுக்குகள் அவர் நெஞ்சின் மேல் விழுந்தன. ஓர் இடத்தில் நூலோடு சேர்ந்து ஒரு நீண்ட முடியும் தைக்கப்பட்டிருந்தது, பாதி கறுப்பு, பாதி நரை. நிவேதா அங்கே மட்டும் பிரிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

முந்தானை வெளியே வந்தது. அந்த இருட்டறையில் அது நிறமாக இல்லை, வெளிச்சமாக இருந்தது. கூடவே ஒரு வாசனையும் வந்தது. தைலம், வியர்வை, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்த அப்பாவின் வாசனை. முத்தம்மாள் அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள். ஏதோ சொல்ல வந்தவள், முகர்ந்ததும் பேசாமல் வெளியே போனாள்.

அம்மாவின் மார்மேல் அதைப் போட்டார்கள். அதன்மேல் பூபாலன் மாமா கோடியைப் பிரித்துப் போர்த்தினார். மறுபடி மேளம் அடித்தது.

பெண்கள் வேலிவரைக்கும்தான் போனார்கள். சாமைக் காட்டு வரப்பில் ஆண்கள் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறுவடை முடிந்த காடு. வெயிலில் தாள்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஆட்கள் நடப்பது தெரியவில்லை. அம்மா மட்டும் தானாக மிதந்து போவது போலத் தெரிந்தது. புளியமரம் தாண்டும்போது ஒரு நொடி நின்றார்கள். தோள் மாற்றத்தான். பிறகு சரிவில் இறங்கினார்கள்.

மறுநாள் வீட்டிலிருந்த துணியெல்லாம் ஓடைக்குப் போயிற்று. சாவுத் தீட்டு, ஒன்றும் விட்டுவிடக் கூடாது என்று முத்தம்மாள் நின்று எண்ணிப் போட்டாள். போர்வையையும் போட்டாள். நிவேதா தண்ணீரில் முக்கியதும் பட்டின் சாயம் இறங்கத் தொடங்கியது. அரக்கு நிறம் நீலத்துணியின் தையல் துளைகள் வழியாக மெல்லக் கசிந்து, வரிவரியாகப் பரவியது. அலசினாள். மறுபடி அலசினாள். அது போகவில்லை. ஒரு கட்டத்தில் அலசுவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டு முன்னால் இருந்த பாறையில் அதை விரித்தாள். வழியில் போகிறவர்கள் எல்லோருக்கும் இப்போது தெரிந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று.

அப்பா வெளியே உட்காரவேண்டும் என்றார். நிவேதா கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பாறைக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காரவைத்தாள். பூபாலன் மாமா கீழே சந்தவாசலிலிருந்து வாங்கி அனுப்பியிருந்த புதுப் போர்வையைத் தோளில் போட்டாள். நல்ல போர்வைதான், பூனைக்குட்டி போல மெத்தென்று இருந்தது. அது நழுவி இடுப்பில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை. கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்தம்மாள் பால்சொம்போடு வந்து, தம்பியை ஏறெடுத்தும் பார்க்காமல் அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நாலடி போய், "ஆறிடப் போவுது, குடி," என்றாள்.

அவள் மறைந்த பிறகு நிவேதா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா."

"ம்."

"அன்னிக்கு அம்மா அத அறுக்கறப்ப..."

"கோழி வருது பாரு."

நிவேதா பார்த்தாள். முற்றத்தில் ஒரு கோழியும் இல்லை. அப்பா குச்சியை ஒருமுறை தரையில் தட்டினார். "ச்சூ," என்றார்.

மலைக்கு மேலே மேகம் ஒன்று வெகுநேரம் யோசித்துவிட்டு நகர்ந்தது. அப்பா முன்னால் குனிந்து போர்வையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"உள்ள இன்னும் ஈரமா இருக்குது," என்றார்.

பலாமரத்து நிழல் பாறையின் ஓரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. அப்பா குச்சியை ஊன்றி எழ முயன்றார். முடியவில்லை. முழங்காலில் நின்றபடியே போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தார். நிவேதா சுற்றிவந்து மற்ற இரண்டு முனைகளைப் பிடித்தாள். ஈரத்தில் அது நிறையக் கனத்தது. இருவரும் அதை உயர்த்தி, வெயில் இருந்த பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.